விதைக்கு வைத்த அட்டை

அந்த அரசுக் குடும்ப நல மையத்தில் மருந்து கொடுப்பதற்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அதையும் கட்டினவன் யாரை மனதில் வைத்துக் கட்டினானோ, இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டான். வெளியே நிற்கிறவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு சீட்டை நீட்டும் கை தெரியும், வயிறு தெரியும், இடுப்பில் தொங்கும் குழந்தையின் கால் தெரியும்; முகம் தெரிவது அபூர்வம். மெதுவாகக் கேட்டால் உள்ளே காதில் விழாது. சத்தமாகக் கேட்டால் வராந்தா பெஞ்சில் இருக்கும் இருபது பேருக்கும் விழும். கூச்சப்படுகிற சமாச்சாரங்களுக்கென்றே நடத்துகிற மையத்துக்கு இப்படி ஒரு ஜன்னல். பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம் வேறு: "தயங்காமல் கேளுங்கள்."

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் ஜன்னலக்கா என்பார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது. வீட்டில் தையல்காரக் கணவர்கூட, வாடிக்கையாளர்கள் எதிரில் "ஜன்னல் வந்தாச்சு, டீயைப் போடு" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு எழுந்து போவார்.

கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றும். கோழி கிண்டின மாதிரி இருக்கிற டாக்டர் கையெழுத்தைப் படித்து, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று மூன்று தடவை சொல்லுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். கருத்தடை ஊசிக்கு நாள் தவறினவர்களைப் பெயர் சொல்லாமல், "பச்சைப் பை வெச்சிருக்கறவங்க, உங்களுக்குப் போன வாரமே வந்திருக்கணும்" என்று திட்டுவாள். இருபத்தாறு வருஷத்தில் மருந்து மாறிப் போனது ஒரு தடவைகூடக் கிடையாது.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. எந்த மருந்திலும் கடைசி ஒன்றை யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

அது சும்மா வந்த பழக்கமில்லை. மருந்தறைச் சுவரில் நாற்பத்தொரு பொருள்களின் பட்டியல் ஒன்று தொங்கும். மையத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை. வருஷத்துக்கு இரண்டு முறை மேலிடத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்து, ஒவ்வொன்றாகப் படித்து, "காட்டு" என்பார். காட்டினால் டிக். காட்ட முடியாவிட்டால் சிவப்பு மையில் வட்டம், அதற்கு மேல் விளக்கக் கடிதம், மெமோ. எத்தனை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் வந்த அதிகாரி ஒருவர், அறைக்குள் காற்று வரவில்லை என்று நாற்காலியை வராந்தாவில் போடச் சொல்லி, அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பட்டியலை உரக்கப் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "இருக்கு", "இல்லை" என்று பதில் சொல்ல வேண்டும். ஐந்து இடத்தில் இல்லை. மேலிருந்து அனுப்பாததற்கு அவள் என்ன செய்வாள்? ஆனாலும் ஐந்தாவது "இல்லை"க்கு பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்றைக்கும் காதில் கேட்கும்.

அதற்குப் பிறகு பட்டியலில் வட்டம் விழவேயில்லை. பீரோவின் மேல்தட்டில், பின்வரிசையில், ஒவ்வொரு மருந்திலும் ஒன்று சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு நிற்கும். "விதைநெல்லை யாராவது வேகவைப்பாங்களா?" என்பாள். மையத்தில் எல்லாரும் அதை விதை என்றே சொன்னார்கள். விதை மட்டும் மிஞ்சியிருக்கும்போது யாராவது வந்து கேட்டால், ஜன்னலக்கா "இல்லை" என்று சொல்லிவிடுவாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. கொடுக்க இல்லை, அவ்வளவுதான்.

அவளோடு ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுப் பக்கத்து வட்டார மையத்துக்கு மாற்றலாகிப் போனவள் ஒருத்தி உண்டு. போகும்போது பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கைப்பிடி சிவப்பு ரப்பர் பேண்டையும்.

வீட்டிலும் இதே கதைதான். சர்க்கரை டப்பாவின் அடியில் ஒரு கரண்டி எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். "கல்யாணமான புதுசுல வாங்கின சர்க்கரை இன்னும் அடியில கெடக்கு, அதுக்கும் வயசு முப்பதாகுது" என்று தையல்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பழக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டவள் ஒரு பஸ் கண்டக்டர்.

டிப்போ அடுத்த தெருவில். கண்டக்டருக்கு இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது ஆபரேஷன் பண்ணிப் பிறந்தது, அதற்கு அப்போது பதினோரு மாதம். மூத்ததன் தடுப்பூசிக் காலத்திலிருந்து ஐந்து வருஷமாக மையத்துக்கு வருகிறவள். அந்தக் குள்ள ஜன்னலில் தலையைக் கவிழ்த்து உள்ளே முகத்தைக் காட்டிப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். "அக்கா, உள்ள எடம் இருக்கா? முன்னாடி ஏறி வாங்க, முன்னாடி ஏறி வாங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள், வரிசையே சிரிக்கும். அந்த வருஷம் டிப்போவில் முதல் முறையாகப் பெண்களை டிரைவர் பயிற்சிக்கு எடுத்தார்கள். இரண்டு இடம். தேர்வெழுதினவர்கள் முப்பது பேர். ஒரு இடம் இவளுக்கு. அடுத்த மாதம் பயிற்சி ஆரம்பம். அதை ஜன்னலக்காவிடம் வந்து சொன்னபோது, "பத்து வருஷமா பின்னால தொங்கினேன்க்கா, இனிமே முன்சீட்டு" என்றாள். பத்து வருஷமில்லை, ஆறுதான். சந்தோஷத்தில் கூட்டிச் சொன்னாள்.

அவள் அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்தபோது குரல் கொடுக்கவில்லை. குனிந்தாள். காக்கிச் சட்டையின் முதல் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"சீட்டைக் குடும்மா."

"சீட்டு இல்லக்கா. அந்த அவசர மாத்திரை... எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுக்கறது. சீட்டு இல்லாமலே தருவாங்கன்னு சுவத்துல போட்டிருக்கே."

"எப்போ?"

"புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு. உறை கிழிஞ்சிடுச்சுக்கா. நேத்து முழுக்க டியூட்டி, லைன்ல இருந்தேன். இன்னைக்கு ரெண்டு மணிக்கு மறுபடி வண்டி ஏறணும். மருந்துக்கடையில கேட்டேன், ஒருத்தன் வைக்கறதில்லைங்கறான், இன்னொருத்தன் டாக்டர் சீட்டு கேக்கறான். வயித்துத் தையல் இன்னும் சரியாகல, ரெண்டு வருஷத்துக்குத் தங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பயிற்சி வேற. உங்களை விட்டா எனக்கு யாருக்கா?"

ஜன்னலக்கா திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. போன மூன்று மாதத்துக்கு இருபது அட்டை கேட்டிருந்தாள், ஆறு வந்தது. ஐந்து போய்விட்டது. மேல்தட்டில் பின்வரிசையில், சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு ஒன்று இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு. சுற்றறிக்கை வந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. நடுவில் சனி, ஞாயிறு விடுமுறை.

"இல்லம்மா. திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல வந்து பாரு" என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் கணக்கு உறைத்தது. புதன் இரவு பத்திலிருந்து எழுபத்திரண்டு மணி என்றால் சனி இரவு பத்து. திங்கள் மத்தியானம் வந்து என்ன செய்ய? அதைக் கண்டக்டரும் கணக்குப் போட்டிருப்பாள். நாள் முழுக்க சில்லறைக் கணக்குப் போடுகிறவள். ஆனாலும் சண்டை போடவில்லை. "சரிக்கா, மேல இருந்து வந்தாத்தானே நீங்க குடுக்க முடியும்" என்றாள். நிமிர்ந்தபோது ஜன்னல் சட்டத்தில் தலை இடித்துக்கொண்டாள். தடவிக்கொண்டே போனாள்.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மேல்தட்டைத் தூசி தட்டுகிறவள் அவள்தான். "விதையா?" என்று கேட்டாள். ஜன்னலக்கா அடுத்த சீட்டை வாங்கினாள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது மனசு கேட்காமல் கணவரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "குடுத்திருக்கலாமே" என்றார்.

"திங்கக்கிழமை ஆபீசர் வர்றார்."

"ஆபீசர் வந்து அந்த மாத்திரையைப் போட்டுக்கப் போறாரா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்களுக்கு என்ன தெரியும், நின்னு படிச்சவ நான்தானே என்று கத்தினாள். அவர் தையலில் குனிந்துகொண்டார். ராத்திரிக்குள் போய்த் திறந்து கொடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சாவி கைப்பையில்தான் இருந்தது. ஆனால் கண்டக்டர் வீடு எங்கே என்று தெரியாது. டிப்போவில் கேட்டால் சொல்லியிருப்பார்கள். ஐந்து நிமிட நடை. அவள் போகவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், நாற்காலியை வராந்தாவில் போடச் சொல்லவில்லை. முப்பத்தேழாவதாக அவசர கருத்தடை மாத்திரை என்று படித்தார். ஜன்னலக்கா அட்டையை எடுத்துக் காட்டினாள். டிக். கடைசியில் "கையிருப்பு திருப்திகரம், பராமரிப்பு பாராட்டுக்குரியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரம்மா, அதாவது மையத்தின் பொறுப்பு டாக்டர், அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அட்டை திரும்ப மேல்தட்டுக்குப் போனது.

கண்டக்டர் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் இறங்கி ஓடி மருந்துக்கடை தேடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரர் கொடுத்தார். விழுங்கினாள். நேரம் கடந்து போயிருந்தது, பலிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து அதே ஜன்னலில் ஒரு கை சீட்டை நீட்டியது. கர்ப்பகாலச் சீட்டு, இளஞ்சிவப்பு நிறம். இரும்புச் சத்து மாத்திரை முப்பது. ஜன்னலக்கா பெயரைப் படித்தாள். பிறகு தானே குனிந்து வெளியே பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தங்கிடுச்சுக்கா" என்றாள் கண்டக்டர். சிரிக்கப் பார்த்தாள். "கலைக்கறதுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னாங்க. அவர் போட மாட்டேன்னுட்டார். மூணாவதுதான் பையனா இருக்கும்னு அவங்கம்மா சொல்றாங்களாம்."

"பயிற்சி?"

"மாசமா இருக்கறவங்களை எடுக்க மாட்டாங்களாம். அடுத்த பேட்ச்சுல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த பொண்ணு என் சீட்டுல உக்காந்துட்டா. நல்ல பொண்ணுதான்."

ஜன்னலக்கா மாத்திரையை எண்ணினாள். முப்பது எண்ணுவதற்கு மூன்று தடவை தப்பியது. உறையில் நிலாவை வரைந்தாள். கண்டக்டருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

அதற்குப் பிறகு மாதா மாதம் வந்தாள். வயிறு ஜன்னல் சட்டத்துக்கு நேராக வளர்ந்தது. முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம், அதுதான் அந்த ஜன்னலில் ஒரே சௌகரியம்; ஆனால் வயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் பின்னால் பீரோ இருக்கிறது, அதில் மேல்தட்டு இருக்கிறது என்பது முதுகில் தெரிந்தது. ஜன்னலக்காவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. தையல்காரர் அவளுடைய ரவிக்கையை ஓசைப்படாமல் ஒரு அங்குலம் பிடித்துத் தைத்து மாட்டிவைத்தார்.

ஐந்தாம் மாதம், சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ வந்தப்போ..." என்று ஆரம்பித்தாள். வரிசையில் பின்னாலிருந்த ஒருத்தி, "கதை பேசறதுக்கு வேற எடம் பாருங்கம்மா, புள்ள அழுவுது" என்றாள்.

"அன்னைக்கு இல்லாததுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள் கண்டக்டர். "அதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க முகமே வாடிப் போயிருக்கு."

கண்டக்டர் தேறுதல் சொல்ல, ஜன்னலக்கா தலையாட்டி வாங்கிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது என்னவோ நிம்மதிதான். அப்படித்தான் மனுஷப் புத்தி.

எட்டாம் மாதச் சீட்டு வரவில்லை. ஆயாதான் செய்தி கொண்டுவந்தாள். டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது வலி கண்டு, பழைய தையல் உள்ளே பிரிந்துவிட்டது. ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏற்றியிருக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண். பையனுக்காகக் கையெழுத்துப் போடாதவன் இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லையாம்.

கண்டக்டர் எழுந்து நடக்க மூன்று மாதம் ஆயிற்று. டிப்போ டாக்டர் பார்த்துவிட்டு, கனரக வண்டி ஓட்டத் தகுதியில்லை, டிக்கெட் கவுண்டரில் உட்காரலாம் என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த பேட்ச் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அதே மாதம்தான் அந்த அட்டை காலாவதியானது.

காலாவதி மருந்தை அழிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. மருந்தின் பெயர், எண்ணிக்கை, காரணம், இரண்டு சாட்சி. காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் "கேட்பார் இல்லை" என்றுதான் எழுதுவார்கள். வேறு எதை எழுதினாலும் கேள்வி வரும். ஜன்னலக்காவே நூறு தடவை எழுதியிருப்பாள். அன்று ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஒரு வருஷத்து வெக்கையில் இற்றுப்போயிருந்தது, தொட்டதும் அறுந்தது. பேனாவை எடுத்து, "கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை" என்று எழுதினாள்.

டாக்டரம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா?"

"நடந்தது அதுதான் மேடம்."

"நடந்ததையெல்லாம் எழுதினா ஆபீஸ் நடத்த முடியுமா? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு. உங்களோட போறதில்ல இது, எனக்கும் மெமோ வரும். அந்தப் பொண்ணுக்கு இதனால கர்ப்பப்பை திரும்ப வரப்போகுதா?"

வராது. டாக்டரம்மா தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுப் படிவத்தில் தானே "கேட்பார் இல்லை" என்று எழுதி நீட்டினார். ஜன்னலக்கா கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது சாட்சி ஆயா. மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "விதை விதைன்னு வெச்சீங்க. விதைக்கவும் இல்ல, வேகவும் இல்ல" என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அந்தப் படிவம் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் எதைச் செய்கிறதோ இல்லையோ, இதை மட்டும் ஒழுங்காகச் செய்தது. இரண்டு மாதத்தில் மையத்துக்குப் புதுப் பட்டியல் வந்தது. நாற்பது பொருள்கள். முப்பத்தேழாவது இடத்தில் வேறு மருந்து. கேட்பார் இல்லாத காரணத்தால் அவசர கருத்தடை மாத்திரை இந்த மையத்துக்கு இனி அனுப்பப்படாது என்று கீழே ஒரு குறிப்பு. ஜன்னலக்கா மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. சுவரில் "தயங்காமல் கேளுங்கள்" மட்டும் அப்படியே இருந்தது.

மேல்தட்டில் இருந்த மற்ற விதைகளை அவள் ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினாள். அடுத்த ஆய்வில் நாலு சிவப்பு வட்டம் விழுந்தது. மெமோ வந்தது. வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். இப்போது அவள் குனிய முடியாது, வயிறு இழுக்கும். நின்றபடியே, "அக்கா, நல்லாருக்கீங்களா?" என்பாள். ஜன்னலில் குழந்தையின் கால் தெரியும். ஜன்னலக்கா அதன் குதிகாலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது, ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கண்டக்டர் இன்னொரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தாள். காக்கியில் டிரைவர் பட்டை குத்தியிருந்த பெண். கண்டக்டர் வரிசையில் நிற்காமல், அவளையும் கூட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே மருந்தறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"அக்கா, இவதான் என் சீட்டுல உக்காந்தவ. நாளன்னைக்கு இவளைத் தனியா வண்டி எடுக்கச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை சாயங்காலம் இவளுக்கும் என் கதைதான். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "பயப்படாதே. நம்ம அக்காதான். இருந்தா ஒளிச்சு வைக்கற ஆள் இல்ல" என்றாள்.

டிரைவர் பெண் தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஜன்னலக்கா எழுந்து பீரோவைத் திறந்தாள். எதற்குத் திறந்தாளோ. மேல்தட்டு முழுக்கக் காலி. "இல்லம்மா" என்றாள்.

"சரி, வேற எங்கயாவது..." என்று கண்டக்டர் ஆரம்பித்தாள்.

வேறு எங்கே என்று ஜன்னலக்காவுக்குத் தெரியும். ஒரே ஒரு இடம். ஆனால் போனில் எதைச் சொன்னால் அது வெளியே வரும் என்பதும் தெரியும். கண்டக்டரை வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரிசீவரை எடுத்துப் பக்கத்து வட்டார மையத்துக்குப் போட்டாள்.

"நான்தான் பேசறேன். எழுபத்திரண்டு மணி மாத்திரை ஒண்ணு வேணும்."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் மூவருக்கும் கேட்டது. "இல்லையேக்கா. போன வாரமே தீந்துடுச்சு."

"என்கிட்டயே இல்லன்னு சொல்லாதே. மேல்தட்டுல பின்வரிசையைப் பாரு. செவப்பு ரப்பர் பேண்ட் போட்டு ஒண்ணு இருக்கும்."

போனில் பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அது விதையாச்சேக்கா. நீங்கதானே சொல்லுவீங்க, கடைசி ஒண்ணுல கை வைக்கக் கூடாதுன்னு. அடுத்த வாரம் ஆய்வு இருக்கு, வட்டம் போட்டுடுவாங்க."

"போடட்டும். எடுத்து மேசை மேல வை. டிரைவர் பட்டை போட்ட பொண்ணு ஒரு மணிக்குள்ள வருவா. இல்லன்னு சொல்லி அனுப்பினே, நானே வந்து பீரோவை உடைப்பேன்."

ரிசீவரை வைத்தாள். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் பெண், "பதினொண்ணு இருபது வண்டி இருக்கு, புடிச்சுடலாம்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். கண்டக்டர் ஓடவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். திறந்து கிடந்த பீரோவின் மேல்தட்டைப் பார்த்தாள். அங்கே பழைய அட்டைகள் நின்ற இடத்தில் தூசியில் சதுரம் சதுரமாகத் தடம் இருந்தது.

"அன்னைக்கும்..." என்றாள்.

"இருந்துச்சு" என்றாள் ஜன்னலக்கா. "ஒண்ணு இருந்துச்சு. திங்கக்கிழமை ஆபீசருக்குக் காட்டறதுக்காக வெச்சிருந்தேன்."

கண்டக்டர் திட்டுவாள் என்று ஜன்னலக்கா எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததற்கு ஒரு அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது. வெளியே வரிசையில் யாரோ ஜன்னல் பலகையைத் தட்டினார்கள். குழந்தை, மேசை மேலிருந்த சிவப்பு ரப்பர் பேண்ட் டப்பாவை நோக்கிக் கையை நீட்டியது. கண்டக்டர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடக்கினாள்.

வாசல்வரை போய் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவளுக்கு வாங்கிக் குடுத்ததுக்கு நன்றி, மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகும் மாதா மாதம் குழந்தையோடு வருகிறாள். சொட்டு மருந்துச் சீட்டை ஆயாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். அக்கா என்று அவள் பிறகு கூப்பிடவே இல்லை.